மூன்றாவது ஓலை

மாதா கோயிலில் கலியாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது. லவினாவுக்கும் மைசூர் மைன்ஸ் பக்கத்து எல்வினுக்கும் கலியாணம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று சாமியார் முதல்முறை வாசித்த அன்றிலிருந்து மாமியார் டெய்சி வாயைத் திறக்கவில்லை. லவினாவின் செத்துப்போன புருஷன் ரோனி, டெய்சிக்கு ஒரே பிள்ளை. அவன் போன பிறகும் இருவரும் தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அத்தை வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லவினா கலியாணத்தை நிறுத்திவிடுவாள். அதையும் சொல்லித் தொலைக்கவில்லை அந்த அம்மாள்.

சனிக்கிழமை மாலை லவினா பாடம் தயார் செய்துகொண்டிருந்தாள். தினமும் ரயிலேறி பெங்களூர் போய் ரஷ்ய மொழி சொல்லித் தருகிறவள். பாடம் ‘நெதேல்யா’ என்ற சொல். வேலை செய்யாத நாள் என்ற பொருளில் பிறந்தது. போலந்துக்காரருக்கும் செக்குக்காரருக்கும் அதே வேரில் வந்த சொல் இன்றும் ஞாயிறுதான். ரஷ்யர்களோ அதை வாரம் முழுவதற்கும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கு உயிர்த்தெழுதல் என்று வேறு பெயர் சூட்டிவிட்டார்கள். ஒரு நாளின் பெயர் ஏழு நாளுக்கு எப்படிப் போயிற்று என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

வேலை செய்யாத நாள் என்றதும் அவளுக்கு ரோனி ஞாபகம் வந்துவிட்டது. மைன்ஸ் ஓடிய காலத்தில் ஞாயிறன்று அவனுக்கு ஷிப்ட் கிடையாது. பூசை முடிந்ததும் ராபர்ட்சன்பேட்டையில் கறி வாங்கி வருவான். வெங்காயத்தை நான்தான் உரிப்பேன் என்று அடம்பிடித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரிப்பான். எல்வின் நல்லவன்தான். ஆனாலும் அந்த ஞாயிறுகளுக்காக அவள் மனசு ஏங்கியது.

“இன்னாத்துக்கு அழுவுற?”

டெய்சி கதவருகில் நின்றிருந்தாள். பதிமூன்று நாளில் இதுதான் முதல் பேச்சு.

“அவரு நெனப்பு, அத்தே.”

“அவன் போயி முன்னூத்திப் பன்னண்டு ஞாயித்துக்கெழம ஆச்சு. ஒண்ணு வுடாம கல்லறைக்கு எங்கூட வந்தே.”

ஆறு வருஷம் என்று அத்தை சொல்லவில்லை. ஞாயிறு ஞாயிறாக எண்ணியிருக்கிறாள். அந்த ரஷ்யர்களும் இப்படி எண்ணியதால்தான், இடையில் கிடந்த ஆறு நாளும் ஞாயிற்றின் பெயருக்குள் போயிருக்க வேண்டும் என்று லவினாவுக்குப் பட்டது. ஆனால் இப்போது பாடமா முக்கியம்? அவள் புத்தகத்தை மூடிவைத்தாள்.

“வேணாம்னா சொல்லுங்க அத்தே. ஓலைய நிறுத்திடலாம்.”

“வாய மூடு. நாளைக்கு நான் மொத பெஞ்சுல ஒக்காந்துக்கறேன். எவன் தடை சொல்றான்னு பாக்கறேன்.” டெய்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பூசை முடிஞ்சதும் நீ எல்வின் கூட வூட்டுக்கு வந்துடு. கல்லறைக்கு நான் தனியா போய்க்கறேன்.”