முறுக்குத் தூக்கில் வந்த கேள்விகள்

வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எந்தப் புண்ணியவான் விதித்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், பாத்திரத்தைக் கழுவி வெறுமனே கொடுத்துவிட முடியாது. ஒரு பிடி சீனியாவது நாலு வெற்றிலையாவது போட்டுத்தான் திருப்ப வேண்டும். நிச்சயம் முடிந்த சம்பந்தி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் தீபாவளிக்கு என் அம்மா மாடத்தி, தாராவியிலிருந்து செம்பூரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பித்தளைத் தூக்கு நிறைய முறுக்கு கொடுத்துவிட்டாள். கோவண்டியிலிருந்து எங்கள் தெருவிலுள்ள தோல் பதனிடும் ஷெட்டுக்கு வேலைக்கு வரும் ஹமீது அண்ணன், வீட்டுக்குப் போகிற வழியில் அதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே சீனியும் இல்லை, வெற்றிலையும் இல்லை. மடித்த காகிதம் ஒன்று கிடந்தது.

"என்னட்டி இது, லெட்டரா?" என்று பதறினாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை லெட்டர் எழுதினால் தெருவில் மானம் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குறுகுறுத்தது, பொய் சொல்வானேன். பிரித்துப் பார்த்தேன். ஒரு பொருளை மேலும் மேலும் அனுபவிக்கும்போது அதனால் கிடைக்கும் பயன் ஏன் குறைகிறது, தக்க உதாரணத்துடன் விளக்குக என்று இங்கிலீஷில் பொருளாதாரக் கேள்வி. அதன் கீழே தமிழில், 'அன்னத்துக்கு, வெள்ளிக்கிழமைக்குள் இதை எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். ஆபீசில் ஏக வேலை. வெயிலுமுத்து.'

நாசமாய்ப் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

வெயிலுமுத்து அத்தான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பட்டம் இருந்தால் மேலே போகலாம் என்று யாரோ சொல்ல, மாதுங்காவில் ஒரு கல்லூரியின் காலைப் பிரிவில், பி.ஏ.வுக்கு முந்தின இன்டர் வகுப்பில் சேர்ந்திருந்தார். விடிந்ததும் வகுப்பு, அப்புறம் லோக்கல் ட்ரெயின், ஆபீஸ். அதே கல்லூரியில் பகல் பிரிவில் நானும் இன்டர் படித்தேன். அவர் கிளம்பிப் போன பிறகுதான் நான் போய்ச் சேர்வேன். ஒரு நாளும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். மளிகைக் கடை சுயம்புவின் மகள் புத்தகத்தை அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். இந்தச் சம்பந்தம் வந்தபோது அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கல்யாணம் ஆன பிறகும் என்னை பி.ஏ. முடிக்க விடுவார்களா? அப்பா செம்பூருக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, "பி.ஏ. வரைக்கும் படிக்கட்டும்னுட்டாவ தாயி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தலையாட்டினேன். வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

சரி, என்னைப் படிக்க விடுகிற மனுஷன், ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்தால் குறைந்தா போவேன் என்று உட்கார்ந்தேன். முறுக்கையே உதாரணமாக எழுதினேன். முதல் முறுக்கு அமிர்தம், அடுத்தது நன்றாக இருக்கிறது, இன்னும் தின்னத் தின்னத் தாடை வலிக்கிறது, கடைசியில் முறுக்கைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. புரொபசருக்குப் புரியட்டும் என்று முறுக்கைச் 'சக்லி' ஆக்கினேன்.

எழுதியதை ஹமீது அண்ணனிடம் கொடுக்கப் போனபோது அம்மா மறித்தாள். "காயிதத்த மட்டுமா குடுத்துவிடுவாவ? சம்பந்தி என்ன நெனப்பா?" என்று தூக்கில் அதிரசத்தை அடுக்கி, பதிலை அதன்மேல் வைத்து மூடினாள். தூக்கு போயிற்று. அந்த வீட்டிலும் வெறும் தூக்கைத் திருப்பக் கூடாதே. அடுத்த கேள்வியைப் போட்டு அனுப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கோமதியம்மாளுக்கு, அதுதான் என் வருங்கால அத்தைக்கு, இது ரொம்ப வசதியாகப் போயிற்று. சீனி மிச்சம் பாருங்கள்.

அதற்கப்புறம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. சிப்பாய்க் கலகத்துக்கான காரணங்கள் வந்தன. தர்க்கத்தில் போலி வாதங்கள் வந்தன. மனித மறதிக்கான காரணங்களை ஆராய்க என்று உளவியலிலிருந்து ஒன்று வந்தது. அதை எழுதுகிற மும்முரத்தில் நான் என் சொந்தக் கட்டுரையை மறந்து வகுப்பில் நின்றேன். இதற்குள் அத்தானின் தம்பி அய்யாத்துரைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் சயன்ஸ் குரூப். மதினி எழுதித் தருவாள் என்றதும் அவன் கேள்விகளும் சேர்ந்து வந்தன. தம்ளர் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் ஏறுமா என்று கேட்டிருந்தான். நான் படிப்பதோ ஆர்ட்ஸ். மீன்காரியிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கிவந்து தம்ளரில் போட்டுப் பார்த்தேன். மீன் நாற்றத்தோடு ஒரு பௌதிகம்!

அடுத்த வாரம் தவளையின் இதயத்தைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னான். லைப்ரரியில் புத்தகம் பார்த்துச் சிவப்புப் பென்சிலால் நன்றாகவே வரைந்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு வாயில் அடித்துக்கொண்டாள்.

"என்னட்டி கருமம் இது?"

"தவளை நெஞ்சு."

"சீர்த் தூக்குல தவளையா! வெளங்குமாட்டி இந்தக் கல்யாணம்?"

"உங்க மாப்பிள்ள வீட்டுலதான கேட்டிருக்காவ? போயி அவியகிட்ட கேளுங்க."

கடைசியில் தவளையை ரவா லட்டுக்குக் கீழே, வாழை இலைச் சருகு போட்டு மறைத்து அனுப்பினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொருளாதார வகுப்பில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. காலைப் பிரிவுக்கும் எங்களுக்கும் ஒரே புரொபசர். ஒருநாள் கையில் ஒரு தாளோடு வந்து, காலைப் பிரிவில் ஒருவர் எழுதியது, கேளுங்கள் என்று படிக்க ஆரம்பித்தார். முதல் சக்லி அமிர்தம், அடுத்த சக்லி நன்றாக இருக்கிறது என்று போயிற்று. வகுப்பே சிரித்து ரசித்தது. எனக்குக் காது சுட்டது. "பகலெல்லாம் ஆபீசில் உழைக்கிற ஒரு மனிதர் இவ்வளவு சொந்தமாகச் சிந்திக்கிறார். உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டவர், என் தாளை எடுத்து என்னைப் பெயர் சொல்லி எழுப்பினார். அதே கேள்விக்கு அசதியில் நான் புத்தகத்திலிருந்த ஆரஞ்சுப்பழ உதாரணத்தை அப்படியே எழுதி வைத்திருந்தேன். "சொந்தச் சிந்தனை துளிகூட இல்லை" என்றார். என் முறுக்கைக் காட்டி என்னையே திட்டுகிறார், நான் வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறேன். அன்றைக்கு வந்த எரிச்சலுக்கு அந்தத் தூக்கை மாஹிம் கழிமுகத்தில் வீசி எறிந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, இனிமேல் ஒரு வரி எழுத மாட்டேன் என்று கத்தினேன். "இத்தன நாளு எழுதிட்டு இப்ப நிறுத்துனா, சீரக் கொறச்சிட்டாவன்னு பேச்சு வந்துரும்" என்றாள் அம்மா. தவளை நெஞ்சும் சிப்பாய்க் கலகமும் எந்த ஊரில் சீர்வரிசையில் சேர்ந்தன என்று கேட்டேன். அவள் மாவு சலிக்கப் போய்விட்டாள். கல்யாணம் மட்டும் ஆகட்டும், இருவருமாக உட்கார்ந்து படிக்கலாம், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோமதி அத்தை மகனையும் அழைத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். காப்பி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அன்னம், அத்தானுக்குப் பரீட்சை வருது. இதெல்லாம் கட்டாயம் வரும்னு வாத்தியாரு குறிச்சுக் குடுத்த கேள்வி. வெள்ளிக்கெழமைக்குள்ள எல்லாத்துக்கும் எழுதிப் போட்டுரு தாயி. அவனுக்கு மனப்பாடம் பண்ண நாளு வேணும்லா."

"எனக்கும் அடுத்த திங்கக்கெழம பரீட்சை இருக்கு அத்தை."

"ஒனக்கு என்ன பரீட்சை? தையல் பரீட்சையா?"

"இன்டர் பரீட்சை. அத்தான் எழுதுற அதே பரீட்சை."

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி இது? தீவாளியோட காலேஜ நிறுத்தியாச்சுன்னு நீங்கதான சொன்னிய? வீட்டுல சும்மா இருக்கா, பொழுது போகட்டும்னுதான நானும் கேள்வியக் குடுத்துவிட்டேன்?"

நான் அப்பா பக்கம் திரும்பினேன். "அப்பா, பி.ஏ. வரைக்கும் படிக்கட்டும்னு சொன்னாவன்னு சொன்னியளே?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "நான் கேக்கல தாயி" என்றார். "கேட்டு, முடியாதுன்னுட்டா என்ன செய்ய? நல்ல எடம், கை நழுவிரக் கூடாதுன்னு பாத்தேன். கல்யாணம் முடிஞ்சா எல்லாம் தானா சரியாயிரும்னு நெனச்சேன்."

எனக்கு ஒரு பேச்சு, அவர்களுக்கு ஒரு பேச்சு. கடையில் ஒருத்தருக்கு ஒரு விலை சொல்லாத மனுஷன், பெற்ற மகள் விஷயத்தில் இப்படிச் செய்திருக்கிறார். கோபத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் காலேஜெல்லாம் கெடையாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அத்தை.

நான் நேராக அத்தானைப் பார்த்துக் கேட்டேன். அதுதான் நான் அவரிடம் நேரில் பேசிய முதல் பேச்சு. "நீங்க சொல்லுங்க அத்தான். நான் காலேஜுக்குப் போகலாமா, கூடாதா?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார், என் அப்பாவைப் பார்த்தார், காப்பி டம்ளரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்கு ஒண்ணும் இல்ல அன்னம். ஆனா அம்மாகிட்ட எப்படிச் சொல்லணும்னு தெரியல. நீ பாயிண்ட் பாயிண்டா எழுதிக் குடேன். நான் அப்படியே படிச்சுச் சொல்லிர்றேன்."

அவருடைய அம்மா பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு நீங்களேதான் எழுதணும் அத்தான்" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. "யோசிச்சுச் சொல்றோம்" என்று அத்தை எழுந்துவிட்டாள். அவ்வளவு கோபத்திலும் கேள்விக் கட்டை மட்டும் என் முன்னாலேயே விட்டுவிட்டுப் போனாள், மகராசி.

நான் அதைத் தொடவில்லை. அந்த வாரம் முழுக்க என் பாடத்தை மட்டும் படித்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நல்ல பையன்தான், அம்மாவுக்குப் பயந்தவன், அவ்வளவுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்றுதானே சொன்னார், யோசித்துப் பார்த்து எனக்காக ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது.

திங்கட்கிழமை இங்கிலீஷ் பேப்பர். காலைப் பிரிவையும் பகல் பிரிவையும் கலந்து ஒரே ஹாலில் உட்கார வைத்தார்கள். அத்தான் எனக்கு முன் வரிசையில், கொஞ்சம் இடதுபுறமாக இருந்தார். கேள்வித்தாள் கொடுத்தார்கள். எல்லாரும் குனிந்து எழுத ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் இத்தனை பேர் இருக்க என்னைத் தேடித் திரும்புகிறாரே என்று, கூறுகெட்டவள், பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன். மறுபடியும் திரும்பினார். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் எனக்கு மறந்தே போயிற்று. மூன்றாம் தடவை திரும்பியபோதுதான் விளங்கியது. பேனாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தவள், மணி அடிக்கும் வரை நிமிரவில்லை.

வெளியில் அவருக்காக நிற்காமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்பா கடையில் யாருக்கோ சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே போய் நின்றேன்.

"அப்பா, இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். ஜூன் மாசம் நான் பி.ஏ. சேரணும்."

"மொள்ளப் பேசுட்டி, ஆளு நிக்காவ. என்ன ஆச்சு? பரீட்சையில அவனப் பாத்தியா?"

"பாத்தேன். மூணு தடவ திரும்பிப் பாத்தாரு."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பொறவென்ன? ஒம்மேல பிரியம் இல்லாமலா அத்தன தடவ திரும்பிப் பாக்கான்?"

"என்னையப் பாக்கலப்பா. என் பேப்பரப் பாத்தாரு."

அப்பா சீனியைப் பொட்டலம் கட்டி வந்தவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கிச் செம்பூருக்கு நான் போறேன்" என்றார். "இந்தத் தடவ உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாரேன். நீ போயி நாளப் பரீட்சைக்குப் படி."