வைஃபைக்கு வைத்த இரண்டு பெயர்கள்

1

இந்தக் கதை ஒரு செட்டிங்ஸ் பக்கத்தில் பிறந்தது. என் வீட்டு மெஷ் வைஃபையின் இரண்டு அலைவரிசைகளையும் பிரிக்க உட்கார்ந்தேன். இரண்டாவதற்கு ஒரு பெயர் கேட்டது திரை. வெறும் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் மினுங்கி மினுங்கி மறைந்தது. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வரவில்லை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஒரு வீடு மனதில் வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சயனைடு மேட்டின் மேல் பனி இறங்கிய காலையில், சங்கமித்ரா..."

வேண்டாம். தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த அந்த மேட்டைக் கண்டால் எழுதுகிறவர்களுக்குக் கை நிற்பதில்லை. நேராகச் சொல்கிறேன்.

சங்கமித்ரா பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இல்லையென்றால் விடிவதற்குள் ரயிலேறி, இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். வீட்டில் அவளும் அப்பா அசோகனும்தான். சுரங்கத் தூசு நெஞ்சில் தங்கிவிட்டவர். மூச்சு எப்போது அடைக்கும் என்று சொல்ல முடியாது. அவளுடைய வீடியோ கால் அடிக்கடி அறுந்துபோகிறது. வெள்ளிக்கிழமையும் அறுந்தால் திங்கள் முதல் ஆபீஸுக்கே வந்துவிடும்படி மேலாளர் அனில் சொல்லிவிட்டார்.

3

கோளாறு இதுதான். பின்னறையில் அசோகன் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளக்கும் கருவி, மெதுவான அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். லேப்டாப்புக்கு வேகமானது வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் லேப்டாப் இதிலும் அதிலும் தாவிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை பிரிக்க உட்கார்ந்தாள்.

"ரெண்டுக்கும் பேர் சொல்லுங்க நைனா."

"எது இன்னா பண்ணும்?"

"ஒண்ணு மெதுவா, செவுரு தாண்டிப் போவும். இன்னொண்ணு வேகம்."

"அப்போ மெதுவானது ஆள். வேகமானது கல்."

"எனக்கும் இப்டித்தான் பேர் வெச்சீங்களா?"

"அது உங்கம்மா யோசிச்சது."

சுரங்கத்தில் ஆட்கள் இறங்கி ஏறக் கேஜ் என்னும் கூண்டு. கல்லை ஏற்ற ஒரு தொட்டி. தொட்டி வேகமாக ஏறும். அதில் ஆள் ஏறக்கூடாது. ஷாப்ட் என்னும் சுரங்கக் குழியின் வாயில் நின்று அசோகன் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டது இதைத்தான்.

(அவர் நண்பர் கோவிந்தன் அந்தத் தொட்டியில் ஏறிச் செத்த நாளைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அசோகன் அதை மகளிடமே சொன்னதில்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?)

4

வெள்ளிக்கிழமை. கால் தொடங்கிப் பத்தாவது நிமிடம் அனில் வாய் திறந்தபடியே உறைந்தார். அறை தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல அமைதியானது. சன்னல் வெயிலில் தூசு மிதந்தது. அதுவும் எதனோடோ இணையப் பார்ப்பதுபோல.

லேப்டாப் 'ஆள்' மேல் இருந்தது. திரும்பினாள். கதவருகே அசோகன்.

"நீங்க மாத்துனீங்களா?"

"நீ குளிக்கப் போனப்ப பாத்தேன். கல்லுல ஏறிக்கினு இருந்தே."

"அது வெறும் பேரு நைனா."

"வெச்சவனே நான்தானே. எனக்குத் தெரியாதா?"

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அனில் மன்னிக்கிறார். அனிலை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. இன்னொன்றில் அவள் பெயர்களை மாற்றுகிறாள். வைஃபை டப்பாக்கள் அணைந்து எரிய மூன்று நிமிடம் ஆகும், கால் அதுவரை தாங்காது. மூன்றாவதில் அசோகனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினேன். அவர் போகவில்லை.

மிச்சமிருப்பது இவ்வளவுதான். திரையில் மவுஸ் அம்பு 'கல்' மேல் நிற்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் அனில் பேசத் தொடங்குவார், திங்கட்கிழமை அவள் அப்பாவுக்கு அருகிலேயே இருப்பாள். தட்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏறப் போறியா?" என்கிறார்.

இங்கே அவள் விரலை உங்களிடம் தருகிறேன். தட்டுவதானால், அதற்கு முன் ஒருமுறை அவர் முகத்தைப் பாருங்கள்.