ஒரு ஜி குறைந்த கதை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நான்.

அக்கா ஓய்வு பெறுவதை ஒட்டி அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையம் ஒரு மலர் போட்டது. "நீங்கதான் எழுத்தாளராச்சே, அவங்களைப் பத்தி ரெண்டு பக்கம் தாங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். மூலக்கூறு உயிரியலாளர், பதினொரு பேருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்தவர், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். எல்லாம் உண்மை. அக்கா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லாருக்கு. யாருடி இது?"

அவள் வாழ்க்கையில் ஒரு வருடத்தை நான் அப்படியே விழுங்கியிருந்தேன். அதைத்தான் இப்போது கக்குகிறேன்.

2

முதல் வரியைப் பல தடவை எழுதினேன்.

'ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே மழை...' (மழை பெய்யவில்லை. அங்கே ஜன்னலும் கிடையாது.)

'சிறுவயதிலிருந்தே அக்காவுக்கு உயிரினங்கள் என்றால்...' (கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்வாள்.)

சரி, நேராகவே சொல்கிறேன். எனக்கு இருபத்திரண்டு, அக்காவுக்கு இருபத்தொன்பது. நான் வேலை தேடிக்கொண்டிருப்பதாக வீட்டில் பேச்சு. உண்மையில் அக்காவின் ஒற்றை அறையில் தின்று தூங்கிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவள் போர்வையை உருவினாள். "தண்டச்சோறு, எழுந்திரு. எழுதத்தானே பிடிக்கும்? வா, எழுத வேலை தரேன்."

அவள் கூட்டிப்போன ஆய்வுக்கூடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் கண்ணை மூடினால் வந்துவிடுகிறது. பாக்டீரியாவுக்குத் தீனி காய்ச்சும் புளித்த வாசனை, ஓயாமல் முனகும் குளிர்பதனப் பெட்டி, துணி காயப்போட்டது போல் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கும் எக்ஸ்ரே பிலிம்கள். அங்கே அக்காவின் தோழி இருந்தாள். தெர்மாகோல் ஐஸ்பெட்டியை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டே திரிவாள். அதனால் அவள் பெயரே ஐஸ்பெட்டி.

பிலிமில் நான்கு வரிசை, வரிசைக்கு ஓர் எழுத்து: ஏ, டி, ஜி, சி. மரபணுவின் நெடுங்கணக்கு அவ்வளவுதான். கறுப்புக் கோடுகள் எந்த வரிசையில் விழுந்திருக்கின்றன என்று கீழிருந்து மேலாக ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். ஐஸ்பெட்டி வாசித்தாள், நான் எழுதினேன்.

"ஏ, டி, டி, சி... எழுத்தாளரே, தூங்கிட்டியா?"

"இல்ல, சொல்லுங்க."

"உன் கதையைவிட இது விறுவிறுப்பா இருக்குல்ல?"

எங்கள் மூவருக்கும் சிரிக்கக் காரணமே தேவைப்படவில்லை. அந்த வருடம் சிரித்த மாதிரி நான் பிறகு சிரித்ததில்லை. (இந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

அந்த எழுத்துகளிலிருந்து, யாரும் அதுவரை கண்டிராத ஒரு புரதம் கிடைத்தது. அக்காவும் ஐஸ்பெட்டியும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அதைப் பார்த்து வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று ஐஸ்பெட்டியை வேலைக்கு அழைத்தது. படுத்த படுக்கையான அப்பாவும் படிக்கிற இரண்டு தம்பிகளும் அவளை நம்பித்தான் இருந்தார்கள்.

3

எட்டு மாதம் கழித்து அக்கா அதே பகுதியை வேறு முறையில் மறுபடி வாசித்தாள். ஓரிடத்தில் அடுத்தடுத்து நான்கு ஜி இருந்தது. நோட்டில், என் கையெழுத்தில், மூன்று.*

(*கோடுகள் நெருங்கி விழுந்தால் ஒட்டிக்கொள்ளும், நாலு மூன்றாகத் தெரியும். மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்துப் படித்துத்தான் புரதம் எதுவென்று கணிப்பார்கள். ஒன்று விடுபட்டால் பின்னால் வருவது அத்தனையும் பிறழும். அவர்கள் கண்டுபிடித்த புரதம் உலகத்தில் எங்குமே இல்லை, எங்கள் நோட்டில் மட்டும்தான் இருந்தது. இரண்டாம் முறை வாசித்துச் சரிபார்க்க வேண்டியவள் அக்கா. அன்று அவளுக்குக் காய்ச்சல். அப்புறம் விட்டுப்போயிற்று.)

ஐஸ்பெட்டி எங்கள் அறைக்கு வந்தாள். வெறுங்கையோடு அவளைப் பார்த்தது அன்றுதான்.

"மூணு மாசம் பொறுடி. நான் போய்ச் சேர்ந்துடறேன். அப்புறம் நீ பத்திரிகைக்கு என்ன வேணா எழுது."

"முடியாதுடி."

"அதுக்குள்ள யார் குடி முழுகிப்போகுது?"

அக்கா ஒரு கடிதத்தை நீட்டினாள். எங்கோ ஒரு மாணவி எழுதியது: உங்கள் புரதத்தைத்தான் என் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன், மிக்க நன்றி.

"இந்தப் பொண்ணு இல்லாத ஒண்ணைத் தேடிட்டிருக்கா. இன்னும் மூணு மாசம் தேடட்டுமா?"

"அவ யாருன்னுகூட உனக்குத் தெரியாது. என்னைத் தெரியும்ல?"

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தாள். 'தப்பு என்னுடையதாக இருக்கலாம்' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லி எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

மறுநாளே அக்கா கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பிழைக்குத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டாள். அதனால் பயனில்லை. வெளிநாட்டு வேலை கைநழுவியது. ஐஸ்பெட்டி வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். அக்காவின் பதவி உயர்வு ஆறு வருடம் தள்ளிப்போயிற்று. அதன்பின் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

4

இங்கே என் கதாநாயகியைச் சந்தேகிக்கிறேன். நேர்மை என்று எழுதினால் கைதட்டுவீர்கள். ஆனால் ஒரு வாரம்கூடப் பொறுக்காதது நேர்மைதானா, தன் பெயருக்குக் கறை வந்துவிடுமோ என்ற பயமா? மலர் வந்த பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ரெண்டும்தான்," என்றாள். "எது எத்தனை பங்குன்னு அளக்கக் கருவி இல்லடி."

சரி, வேறு மாதிரி எழுதிப் பார்ப்போம். அக்கா மூன்று மாதம் பொறுக்கிறாள். ஐஸ்பெட்டி விமானம் ஏறுகிறாள். தம்பிகள் படித்து ஆளாகிறார்கள். கடிதம் எழுதிய அந்த மாணவி...

(அவள் என்ன ஆகிறாள் என்பதைச் சொல்லாமலே கதையை முடிக்கப் பார்த்தேன். அது புரிந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.)

உண்மையில் அக்கா ஒரு சின்ன அறைக்கு மாற்றப்பட்டு, அங்கே அந்த மண் பாக்டீரியாவோடு வாழ்க்கை நடத்தினாள். அவளிடம் எதையும் இரண்டு பேர் வாசிக்க வேண்டும், பிறகு ஆள் மாற்றி வாசிக்க வேண்டும். "மேடம் கடைச் சீட்டைக்கூட ரெண்டு பேரை வச்சு சரிபார்ப்பாங்க" என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

5

வழியனுப்பு விழா பிற்பகலில் நடந்தது. ஐஸ்பெட்டிக்கு அக்கா தன் கைப்பட அழைப்பு எழுதியிருந்தாள். பதில் வரவில்லை, ஆள் வந்தாள். நரைத்த கிராப்பு, முழங்காலில் வலி. வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"எழுத்தாளரே, இன்னும் எழுதுறியாமே!"

முப்பது வருடமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு நீங்க மூணு ஜி வாசிச்சீங்களா, நாலா?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! நான் நாலு சொல்லி நீ மூணு எழுதினியான்னு உன்னைக் கேக்கணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தேன்."

இருவருக்கும் தெரியவில்லை. தெரியவே போவதில்லை. சிரித்தோம். சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது, என் கையை விடவில்லை.

பூங்கொத்தோடு வந்த அக்கா எங்களைப் பார்த்து நின்றாள். எப்படி இருக்கிறாய் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கா தன் அறைக் கதவைத் திறந்து, "உள்ள வாடி" என்றாள். ஐஸ்பெட்டி நொண்டிக்கொண்டே போனாள். பழக்கதோஷத்தில் நானும் பின்னால் போனேன். அக்கா வாசலில் மறித்தாள்.

"நீ வேண்டாம்."

கதவு சாத்திக்கொண்டது.

6

உள்ளே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று முடிக்கலாம். பத்திரிகை ஆசிரியர் அதைத்தான் கேட்பார். வாழ்க்கையைத் தொலைத்தவள் தொலைத்தவளாகவே திரும்பிப் போனாள் என்றும் முடிக்கலாம். அதற்கும் நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு தடவை ஐஸ்பெட்டியின் குரல் உயர்ந்தது. பிறகு தணிந்துவிட்டது. கதவில் காதை வைத்திருந்தால் கேட்டிருக்கும். நான் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கதவுப் பக்கம் இப்போது யாரும் இல்லை. நீங்கள் வேண்டுமானால் போய்க் கேளுங்கள். என்ன கேட்டாலும் என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள், எழுதிவிடுவேன்.