தரைக்கு இறங்கிய தையற்கடை

காத்தான்குடியில் கச்சி முகம்மதுவின் தையற்கடை இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாடியிலிருந்து தரைக்கு இறங்கியது. சுவரில் கீறல் விழவில்லை. மேசையிலிருந்த தேநீர்கூடச் சிந்தவில்லை.

கடையை மேலே ஏற்றியது கடல்தான். சுனாமியன்று கரையோரமிருந்த பழைய கடைக்குள் புகுந்த நீர் அவருடைய தங்கை றஸீனாவை மெஷினோடு இழுத்துச் சென்றது. இனித் தரையில் மெஷின் வைப்பதில்லையென்று சத்தியம் செய்தவர், பிரதான வீதியில் தூண்களை நிறுத்தி அவற்றின் மேல் கடை கட்டினார். அங்கேதான் கஜானியை வேலை பழக அனுப்பினார்கள். படுவான்கரையில் விழுந்த ஷெல் ஒன்றில் இரண்டு கால்களையும் இழந்தவள் அவள். நாவற்குடாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சி நிலையத்தில் காலையில் படிப்பு, பிற்பகலில் கடையொன்றில் வேலை; வேலையை முடித்தால்தான் சான்றிதழ். கச்சி முகம்மது பொல்லாதவர் அல்லர். அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கிவர ஆட்களைக் கீழே அனுப்பினார்.

"தூக்கிப் போக நான் நெல்லு மூட்டையில்ல, முதலாளி. மெஷினக் கீழ வைங்க, தைக்கிறன்."

"கீழ வெச்ச மெஷினோடதான் என்ட தங்கச்சி போனா, புள்ள. என்னால ஏலாது."

கடதாசிப்பூ செய்யும் வேலைக்கு மாறும்படி நிலையத்தார் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டு, பிற்பகல்தோறும் படிக்கட்டின் அடியில் வந்து மேலே பார்த்தபடி இருந்தாள். தூண்கள் மண்ணுக்குள் போகத் தொடங்கின. முதலில் கீழ்ப்படி மறைந்தது, பிறகு அதற்கடுத்தது. கச்சி முகம்மது தூண்களைச் சுற்றிச் சீமெந்து போட்டார். சீமெந்தும் சேர்ந்து இறங்கியது. அளந்து பார்த்த பொறியியலாளர் கட்டடத்தில் குறையில்லையென்று சொல்லிவிட்டுப் போனார். யுத்தம் முடிந்ததென்று வானொலி அறிவித்த நாளில் வீதியில் வெடி கொளுத்தினார்கள். கஜானி திரும்பிப் பார்க்கவில்லை. அன்று கடை வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது.

ஆனி மாதத்தில் வாசல் வீதியோடு சமமானது. அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு நேரே உள்ளே போனாள். முழங்கையால் அழுத்தி ஓட்டும் மெஷினொன்றை நிலையத்தார் கொண்டுவந்து பூட்டினார்கள். கச்சி முகம்மது கடலிருக்கும் திசையை வெகுநேரம் பார்த்து நின்றார்.

"தண்ணி வந்தா?" என்று கேட்டார்.

"வந்தா உங்களையும் இந்தக் கதிரையில ஏத்திக்கொண்டு போறன்," என்றாள் அவள், நூலைக் கோத்தபடி.

அவர் வெட்டிய துணியை அவள் முன் வைத்தார்.

அடுத்த வருடம், செட்டிபாளையத்துச் சிவதர்ஷன் சக்கர நாற்காலியில் வேலை பழக வரப்போகிறான் என்று மட்டக்களப்பு நகரத்து அச்சகக்காரர் ஒருவருக்குத் தகவல் போனது. அவருடைய அச்சகமும் மாடியில்தான் இருந்தது; காத்தான்குடிக் கடை இறங்கிய கதையும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. விடிந்ததும் அவர் ஆட்களைப் பிடித்து இயந்திரத்தைக் கீழே இறக்கிவைத்தார். ஏனென்று கேட்டவர்களிடம், தமக்கு மாடி மாடியாகவே இருக்கவேண்டும் என்றார்.