பதினேழாம் நம்பர்

காலை எட்டரைக்கே தையல் கூடம் வெந்துகொண்டிருந்தது. இஸ்திரி ஆவியும் துணித்தூசியும் மெஷின் எண்ணெயும் தொண்டைக்குள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தன. பொத்தான் அக்கா பதினேழாம் நம்பர் மெஷினில் மூன்றாவது கட்டுச் சட்டையை முடித்து, 17 என்று சீட்டு ஒட்டித் தள்ளினாள். விரல் நுனி மரத்துவிட்டது. மதியம் இரண்டுக்கு அவள் எழுந்ததும், ஸ்டூலின் சூடு ஆறுமுன் அடுத்த ஷிப்டு நெட்டை வந்து உட்காருவாள். ஆறு வருஷமாக இதே கதைதான்.

அன்று ஷிப்டு மாறும் நேரத்தில் நர்ஸ் வந்தாள். போன மாதம் எல்லாருக்கும் குச்சியும் குழாயும் கொடுத்தவள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. “வீட்டிலேயே மாதிரி எடுக்கலாம், லீவு வேண்டாம்” என்றிருந்தாள். தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக் கதவைக் காலால் உதைத்துப் பிடித்தபடி அக்கா எடுத்தாள்.

“யாரும்மா பதினேழு?”

“நான்தான்” என்றார்கள் அக்காவும் நெட்டையும்.

நர்ஸ் தலையில் கை வைத்தாள். “குழாய்ல பேர் எழுதச் சொன்னேன். எல்லாரும் நம்பர எழுதி வச்சிருக்கீங்களே!”

கையைவிட்டுப் போகிற எதிலும் மெஷின் நம்பரைப் போட்டே பழகிய கை. வேறென்ன எழுதும்?

சுவரோரம் அழைத்துப்போய் நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டு பதினேழுல ஒண்ணுல கிருமி இருக்கு.”

நெட்டைக்கு முகம் வெளுத்தது. “புத்துநோயாம்மா?”

“இல்ல. கவனிக்காம விட்டா ஆகலாம். மறுபடி சோதிச்சா இன்னும் ஒரு மாசம் இழுக்கும். ரெண்டு பேருமே வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. முழு நாள் ஆகும்.”

இருவரும் அறைக்குள் போய் லீவு கேட்டபோது முதலாளி ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ரெண்டு பேரும் போனா மெஷின உங்க மாமியாரா ஓட்டுவா? கோளாறு ஒருத்திக்குத்தானே? யாருன்னு முடிவு பண்ணுங்க. போறவ அப்படியே போயிடலாம், திரும்பி வேலைக்கு வர வேணாம்.”

“யாருன்னு தெரிஞ்சா உங்க முன்னாடி ஏன் சார் நிக்கிறோம்?” அக்காவுக்குக் களைப்பில் குரல்கூட ஏறவில்லை. “ஒரு சட்டையில பொத்தான் பிசகினா கட்டையே பிரிச்சுப் பாக்கச் சொல்றீங்க. நாங்க மட்டும் சீட்டுக் குலுக்கிப் பாக்கணுமா?”

“வாய் நீளுது. வெளிய போ.”

வெளியே இரண்டு ஷிப்டுப் பெண்களும் நின்றிருந்தார்கள். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. கதவு மெல்லிசு, எல்லாமே காதில் விழுந்திருந்தது.

“அக்கா சொன்னதுதான் சரி” என்றாள் இஸ்திரிக்காரி. “கட்டோட பாக்கணும். வியாழக்கிழமை எல்லாரும் போவோம். எத்தனை பேர அனுப்பிடுவாரு?”

“எனக்கு வீட்டு வாடகை இருக்குடி” என்றாள் ஒருத்தி. சொன்னவளே அட்டைப்பெட்டியைக் கிழித்து நீட்டினாள். “வர்றவங்க எழுதுங்க. நம்பர் வேணாம், பேர் எழுதுங்க.”

பேனா கைமாறி வந்தது. அக்கா தன் பெயரை எழுதி நெட்டையிடம் கொடுத்தாள். நெட்டை பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

“நீயே எழுதுக்கா.”

பேனா அட்டைமேல் அப்படியே நின்றது. ஒரே ஸ்டூல், ஆறு வருஷம். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது.

“உன் பேர் என்னடி?”

நெட்டை சிரித்தாள், கண்ணில் நீரோடு. பெயரைச் சொன்னாள். அக்கா அதைத் தன் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதினாள்.

முதலாளியின் கதவு திறக்கவில்லை. ஷிப்டு மணி இரண்டாம் முறை அடித்தது. பதினேழாம் நம்பர் ஸ்டூல் முதல்முறையாக ஆறிக்கொண்டிருந்தது.