பெரியவர் புகார் சொல்லத் தொடங்குகிறார்

அந்த ஃபிரிட்ஜ் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவளை முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘அம்புக்குறி’ என்பார்கள். வேலை அப்படி. வாடிக்கையாளர் போன் செய்தால் யார் எடுப்பது, எடுத்தவர் எதில் குறிப்பது, குறித்ததை யாரிடம் தள்ளுவது, மெக்கானிக் எப்போது கிளம்புவது என்று ஒவ்வொரு வேலைக்கும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அம்பு இழுத்துக் கொடுக்க வேண்டும். வேலைமுறைப் படம் என்று அதற்குப் பெயர். பன்னிரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தாள். கேட்டு வாங்கியவர்கள் நன்றி சொல்லி வாங்கிப்போய் அலமாரிக்குள் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் படங்களைக் கரப்பான்பூச்சிதான் படித்தது.

கம்பெனிக்குப் பதினோரு கிளைகள். ஒரே புகாரைப் பதினோரு விதமாக வாங்கினார்கள். ஒரு கிளையில் கணினியில் ஏற்றினார்கள், இன்னொன்றில் பழைய நோட்டில் எழுதினார்கள், மூன்றாவதில் வாசல் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும், அவருக்கு ஞாபகசக்தி அதிகம் என்றார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இயக்குநர் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு, கண்ணில் வெளிச்சத்தோடு திரும்பி வந்தார். எல்லோரையும் கூட்ட அறையில் உட்கார வைத்துப் பேசினார். ஒரு கிளைக்காரர் நல்ல முறை ஒன்றை வரைந்துவிட்டால் மற்ற பத்துக் கிளையும் அதையே ஏன் முதலிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டு வரைய வேண்டும்? வீட்டில் எல்லோரும் போனில் படம் போடுகிறோம், பிடித்தால் விருப்பம் போடுகிறோம், மற்றவருக்கு அனுப்புகிறோம். அதையே அலுவலகத்திலும் செய்தால் என்ன? நல்ல முறை தானாக மேலே வரும், மோசமானது தானாகக் கீழே போகும்.

அம்புக்குறி உண்மையாகவே தலையாட்டினாள். பன்னிரண்டு வருடத்தில் இயக்குநர் சொன்னதில் உருப்படியான முதல் யோசனை இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்படி வந்ததுதான் ‘கைகோர்’ என்ற உள்வலை. ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பக்கம். படத்தை ஏற்றலாம், கருத்து எழுதலாம், விருப்பம் போடலாம். ஒரு கிளைக்குப் படம் பிடித்துவிட்டால் ‘எடுத்தாள்’, அதாவது எடுத்துப் பயன்படுத்து, என்ற பொத்தானை அழுத்தினால் போதும், அந்தக் கிளையின் கணினி அன்றிலிருந்து அந்த முறைப்படியே ஓடும். எடுத்தாண்ட படத்தை நீக்க முடியாது. வரைந்தவர் மட்டும் திருத்தலாம், திருத்தினால் எடுத்தாண்ட எல்லாக் கிளைக்கும் தானாகவே போய்ச் சேரும். இந்த விதிகளை இயக்குநரே உட்கார்ந்து எழுதினார்.

முதல் வாரம் கைகோரின் காலை வணக்கப் படங்களில் சூரியன் நாற்பத்தாறு தடவை உதித்தது. யாரோ குடையைத் தொலைத்திருந்தார், யாருக்கோ பிறந்தநாள். வேலைமுறைப் படம் ஒன்றுகூட வரவில்லை. இயக்குநர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆளுக்கு ஒரு படமாவது ஏற்றியாக வேண்டும், ஏற்றாதவர் பட்டியல் தன் மேசைக்கு வரும் என்று சுற்றறிக்கை விட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் அவசர அவசரமாக ‘புகார் கையாளும் முறை – இறுதி’ என்ற கோப்பைத் தேடினாள். கணினியில் ‘இறுதி’ ஒன்றும், ‘இறுதி 2’ ஒன்றும் இருந்தன. எண் பெரியதுதானே புதியது என்று இரண்டாவதை ஏற்றிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

‘இறுதி 2’ அலுவலகத்துக்கு வரைந்ததே இல்லை. போன வருடம் அவள் ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டி வந்தபோது, அவள் கணவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் அப்பா, அதாவது அவளுடைய மாமனார், வேலையில் இருந்த காலத்தில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் வெளிவீடுகள் இல்லாமல் போகவே, இருக்கிற ஒரே வீட்டைப் பரிசோதித்துத் தினம் நாலு குறை சொல்வார். “அப்பாவை நான் எப்படித் தனியாச் சமாளிக்கிறது?” என்று கணவன் கேட்க, அவள் மதிய இடைவேளையில் சிரித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் ஒரு படம் வரைந்து அவனுக்கு அனுப்பினாள். கைப்பழக்கத்தில் கம்பெனியின் சின்னம், எழுத்து, ஓரக்கோடு எல்லாம் சரியாக அமைந்துவிட்டன.

முதல் கட்டம்: பெரியவர் புகார் சொல்லத் தொடங்குகிறார். அடுத்தது: கையிலிருக்கும் வேலையைக் கீழே வை, கண்ணைப் பார். அடுத்து ஒரு கேள்வி: நேற்றுச் சொன்ன அதே புகாரா? ஆம் என்றால், புதிதாகக் கேட்பதுபோல் கேள். இல்லையென்றால், ‘அடடா’ சேர்த்துக்கொள். பிறகு: வெந்நீர் கொடு. பிறகு: பழைய வேலைக் கதையை ஆரம்பித்தால் முடியும்வரை குறுக்கே பேசாதே. கடைசியாக: ‘நாளைக்குப் பார்த்துவிடலாம்’ என்று சொல். முடிவு.

திங்கட்கிழமை காலை கைகோரைத் திறந்தபோதுதான், தான் ஏற்றியது எந்தப் படம் என்று அவள் பார்த்தாள். படத்துக்கு நூற்றிப்பத்து விருப்பங்கள். மூன்று கிளைகள் எடுத்தாண்டிருந்தன. ‘வாடிக்கையாளரைப் பெரியவர் என்று அழைத்திருக்கும் பண்பு கண்ணில் நீர் வரவழைக்கிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். வாயைத் திறப்பதற்குள் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவளைப் பார்த்து அவர் எழுந்தது அதுவே முதல் தடவை.

“பன்னண்டு வருஷமா உங்களை நாங்க கவனிக்கவே இல்ல மேடம். அது எங்க தப்பு.”

அதற்குமேல் உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நன்றி சார் என்று சொல்லிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடம் கரப்பான்பூச்சிக்கு வரைந்தவளுக்கு, நூற்றிப்பத்துப் பேர் பார்த்தது இனிக்கத்தான் செய்தது. அதை அவளால் மறுக்க முடியவில்லை.

அந்த மாதத்துக்குள் பதினோரு கிளையும் எடுத்தாண்டுவிட்டன. கைகோரில் வெந்நீரைப் பற்றி மட்டும் எண்பது கருத்துகள். எவ்வளவு சூடு, கண்ணாடிக் குவளையா காகிதக் குவளையா, போனில் புகார் சொல்பவருக்கு எப்படிக் கொடுப்பது? ஒரு கிளை மேலாளர், போனில் பேசுபவரை ‘ஒரு வாய் வெந்நீர் குடிச்சிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்’ என்று கேட்டுக்கொள்ளலாம் என யோசனை சொல்லி முந்நூறு விருப்பம் வாங்கினார். எல்லாக் கிளையும் பிளாஸ்க் வாங்கின. ‘அடடா’வைச் சரியாகச் சொல்ல அரைநாள் பயிற்சி நடந்தது.

அதிசயம் என்னவென்றால், புள்ளிவிவரம் பிய்த்துக்கொண்டு போனது. முன்பு ஒரு புகார் முடிய ஆறு நாள் ஆகும், இப்போது ஒன்பது நிமிடம். ‘நாளைக்குப் பார்த்துவிடலாம்’ என்று சொன்னதும் அடுத்த கட்டம் ‘முடிவு’ என்பதால், கணினி அங்கேயே புகாரை மூடிவிட்டது. மெக்கானிக்குகள் கிளை வாசலில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டின் சிறந்த வேலைமுறை என்று கண்ணாடியில் ஒரு கேடயம் செய்து அவளுக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டுக் கணவன் இருமல் வரும்வரை சிரித்தான். “அப்பாவுக்குத் தெரிஞ்சா?” என்றான்.

“நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா தெரியாது.”

அதே நாட்களில் வீட்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. அவள் கம்பெனி ஃபிரிட்ஜ்தான். விடிந்ததும் காலை வைத்தால் ஈரம். மாமனார் தினமும் சொன்னார். அவளும் கண்ணைப் பார்த்துக் கேட்டாள், வெந்நீர் கொடுத்தாள், நாளைக்குப் பார்த்துடலாம் மாமா என்றாள். பிறகு துணியை எடுத்துத் துடைத்தாள். இப்படி மூன்று வாரம்.

ஒரு நாள் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் வெளியே போனார். மதியம் திரும்பி வந்தவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்திருந்தது, அதைக்கூடச் சொல்லவில்லை. காலையில் அவள் குனிந்து தரையைத் துடைப்பதை நின்று பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார். வீடு இத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. கணவன் நிம்மதி என்றான். அவளுக்கு என்னவோ போலிருந்தது.

மூன்றாம் நாள் காலை அவர் தானாகவே சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் கையில் துணி இருந்தது.

“உங்க கம்பெனிக் கிளைக்குப் போயிருந்தேம்மா. இந்தத் தண்ணி விஷயமா.”

அவள் துணியைக் கீழே வைத்தாள். வைத்தபின்தான், அது படத்தின் இரண்டாவது கட்டம் என்று உறைத்தது.

அவர் நிதானமாகச் சொன்னார். கவுண்டரில் இருந்த பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவர் கண்ணையே பார்த்தாளாம். அடடா என்றாளாம். காகிதக் குவளையில் வெந்நீர் கொடுத்தாளாம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அவருக்கு மனம் நிறைந்துபோய், மீட்டர் பின்பக்கமாக ஓடிய ஒரு வீட்டின் கதையை எடுத்திருக்கிறார். அவள் முழுசாகக் கேட்டிருக்கிறாள்.

“நீயும் கேப்பே. ஆனா நடுவுல அடுப்பைப் பாப்பே. அந்தப் பொண்ணு அசையவே இல்ல.”

கதை முடிந்ததும் தலையை நிமிர்த்தியிருக்கிறார். அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்டு ஒரு படம். மீட்டர் பார்த்த கண், சுவரில் எது மாட்டியிருந்தாலும் படிக்காமல் விடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் படித்திருக்கிறார்.

“கீழே உன் பேரு போட்டிருந்துச்சு.”

அவளுக்கு முகம் எரிந்தது. மன்னிச்சுடுங்க மாமா என்று ஆரம்பித்தாள். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

“வரைஞ்சது சுத்தமா இருக்கு, அதை நான் குறை சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்றது எந்தக் கட்டத்துல வருது?”

இல்லையென்று தெரிந்தும் அவள் மனசுக்குள் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒரு தடவை ஓடிப் பார்த்தாள்.

“பொழுது போகாமப் புகார் சொல்றேன்னு நெனச்சுட்டே. அப்படி இல்லம்மா. தண்ணி ஒழுகுது.”

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார்.

அன்று அலுவலகத்துக்குப் போனதும் அவள் கைகோரைத் திறந்து, முடிவுக்கு முன்னால் ஒரு கட்டம் போட்டாள். ‘சொன்னது உண்மையா என்று நேரில் போய்ப் பார். உண்மையானால் சரிசெய். சரியான பிறகே முடிவு.’ அம்பை இழுத்தாள். திருத்து என்ற பொத்தானை அழுத்தினாள். அடுத்த நிமிடம் பதினோரு கிளைக்கும் அது போய்ச் சேர்ந்தது. முடிவு தள்ளிப்போனதால், மூடியிருந்த நாலாயிரம் புகாரையும் கணினி ஒரே மூச்சில் திறந்துவிட்டது. வாசலில் இருந்த மெக்கானிக்குகள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

கைகோர் கொதித்தது. பழைய வடிவம் எவ்வளவு எளிமையாக இருந்தது என்று ஒருவர் வருந்தினார். இப்போது வெந்நீர் உண்டா இல்லையா என்று இன்னொருவர் கேட்டார். மொத்தம் மூன்று விருப்பங்கள் விழுந்தன. ஒன்று ஒரு மெக்கானிக் போட்டது. ஒன்று யாரோ கைதவறிப் போட்டது. மூன்றாவது அவளே போட்டுக்கொண்டது.

இயக்குநர் கூப்பிட்டார். இந்த முறை எழுந்திருக்கவில்லை. சுவரிலிருந்த, முடிந்த புகார்களைக் காட்டும் வரைகோடு ஒரே நாளில் தரையைத் தொட்டுவிட்டதைக் காட்டினார். ஒரே ஒரு கட்டம், எவ்வளவு சேதம் பாருங்கள் என்றார். அவள் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லிவிட்டாள்: பெரியவர் என்றால் வாடிக்கையாளர் இல்லை, தன் மாமனார், அது வீட்டுக்காக விளையாட்டாக வரைந்த படம்.

இயக்குநர் ஒரு காகிதத்தை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.

“உங்க மாமனார் எத்தனை வருஷமா புகார் சொல்றாரு?”

“ஏழு வருஷமா சார்.”

“அப்போ ஏழு வருஷம் களச் சோதனை பண்ணின முறைன்னு சொல்லலாமே. அடுத்த மாநாட்டுல நான் அதைப் பத்தித்தான் பேசுறேன். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துடுங்க.”

“எடுக்க மாட்டேன் சார்,” என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

வரைந்தவர் மட்டுமே திருத்தலாம் என்பது அவரே எழுதிய விதி. அந்த விதியை மாற்ற ஒரு வேலைமுறைப் படம் வேண்டும் என்று கணினிப் பிரிவில் சொன்னார்கள். அதை வரைய வேண்டியவள் அவள். ஆகவே கட்டம் அப்படியே இருந்தது. அவளை மட்டும் ஒரு கிளை அலுவலகத்தின் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். கைகோரில் அது பதவி உயர்வு என்று அறிவிக்கப்பட்டு, அறுபது விருப்பம் பெற்றது.

வரிசைப்படி வீட்டுக்கு மெக்கானிக் வந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் தண்ணீர் வடியும் சின்னக் குழாயில் ஏதோ அடைத்திருந்தது. கம்பியை விட்டு நாலு குத்துக் குத்தினார், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் காலை தரை காய்ந்திருந்தது. மாமனார் வெறுங்காலோடு அந்த இடத்தில் இரண்டு தடவை நடந்து பார்த்தார்.

பிறகு சமையலறை வாசலுக்கு வந்து நின்று, தன் அறை மின்விசிறி சுற்றும்போது டக் டக் என்று சத்தம் போடுகிறது, நாலு மாதமாகச் சொல்கிறேன் என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஸ்டூலையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு, “வாங்க மாமா, எங்கேர்ந்து சத்தம் வருதுன்னு காட்டுங்க,” என்று முன்னால் நடந்தாள்.