மிஸ்ஸிங் அடித்த கார்

மனைவி போகப்போகிறாள் என்பது மெக்கானிக்குக்குக் காலையிலேயே தெரியும். துணிப்பெட்டிகள், மகளின் புத்தகப் பை, தையல் மெஷின் எல்லாம் காரில் ஏறிவிட்டன. தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறவள் திரும்பி வரவா போகிறாள்? போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல், மனுஷன் பட்டறைக்கு வந்து ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஊர் வண்டிக்கெல்லாம் காது கொடுப்பவர் அவர். தெருமுனையில் வரும்போதே எந்த இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அந்தக் காது அடைத்துக்கொள்ளும். மனைவி பேசிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டாள். அப்பாடா, வீடு அமைதியாகிவிட்டது என்று நிம்மதியாகச் சாப்பிட்டவர் இவர்.

முற்பகலில் அந்தக் கார் குலுங்கிக் குலுங்கிப் பட்டறை வாசலில் வந்து நின்றது.

"மிஸ்ஸிங் அடிக்குது, இன்ஜின் விட்டு விட்டு ஓடுது. கொஞ்சம் பாருங்க," என்றாள் மனைவி, இறங்காமலே. பின்சீட்டில் மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

தன் வேனுக்காகக் காத்திருந்த பால்காரர், யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, சிலிண்டர்களுக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கழற்றியதும் குலுக்கல் கூடினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதலாவது கூடியது. அடுத்ததும் கூடியது. மூன்றாவதில் விரல் பட்டதுமே வயர் கையோடு வந்துவிட்டது. இன்ஜினில் ஒரு மாற்றமும் இல்லை. அழுத்தி மாட்டினார். டக்கென்று வயர் முனையிலிருந்த பூட்டு மாட்டிக்கொண்டது, குலுக்கல் நின்றது. அன்று முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"வயர் கழண்டிருந்துச்சு. இனி எங்கயும் நிக்காது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

இருந்தது. எவ்வளவோ இருந்தது.

"பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு," என்றார். "போற வழியில அடிச்சுக்கோ."

அவள் கண்கள் நிறைந்ததை அவர் பார்த்தார். பார்த்தும், துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். மகள் கையாட்டினாள். கார் ஒரு விக்கல்கூட இல்லாமல் தெருவைத் தாண்டியது.

பால்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்ப்பா, அந்த வயர் தானா கழண்டுக்குமா? என் வேன்லயும் கழலுமா?"

"தானா எப்படிண்ணே கழலும்? அதுக்குத்தான் பூட்டு இருக்கே. கட்டைவிரலால அமுக்கி யாராவது இழுத்தாதான்..."

பேச்சு அப்படியே நின்றது. கல்யாணமான புதிதில், மழையில் கார் நின்றுபோனபோது, அந்தப் பூட்டை அமுக்க அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒருத்திக்கு. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதானா உங்க வித்தை?" என்று அவள் சிரித்தாள்.

கையில் துணியோடு தெருமுனைவரை ஓடினார். போன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். வண்டி ஓட்டும்போது அவள் போனை எடுக்க மாட்டாள்.

வழியில் எங்காவது கார் நின்றால் பிடித்துவிடலாம். ஆனால் அது நிற்காது. அவரே பார்த்துச் சரிசெய்து அனுப்பிய வண்டி.